மெக்கானிக்கலும் பெண்களுக்குத்தான்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பொறியியல் படிக்க ஆசைப்படும் பெண்ணிடம் 'கம்ப்யூட்டர் எடு, ஏசி அறையில் வேலை' என்கிறோம். மெக்கானிக்கல், சிவில் என்று வாயெடுத்தால் 'அதெல்லாம் ஆம்பளைங்க வேலை' என்று பேச்சையே முடித்துவிடுகிறோம். 18 வயதில் கணவரை இழந்தவர், ஒரு குழந்தைக்குத் தாய், ஆனாலும் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943-ல் பட்டம் வாங்கினார் அ. லலிதா. அப்போதே முடிந்தது, இப்போது என்ன தயக்கம்?

பெண்கள் ஒதுங்கி நிற்பதால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமில்லை. காரின் ஏர்பேகையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் சராசரி ஆணின் உடலளவுள்ள பொம்மையை வைத்துத்தான் சோதித்தார்கள். ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் குள்ளமான பெண்கள் சிலருக்கு, உயிர் காக்க வேண்டிய அந்தப் பையே எமனானது. வடிவமைத்த குழுவில் நாலு பெண்கள் இருந்திருந்தால் யாராவது முன்பே கேட்டிருக்க மாட்டார்களா?

பள்ளிகளுக்கு ஒரு யோசனை. ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவிகளை ஒரு பட்டறைக்கோ, பாலம் கட்டும் இடத்துக்கோ அழைத்துப் போங்கள். மகளிர் தினக் கட்டுரைப் போட்டியை விட அது எவ்வளவோ மேல். அங்கே பெண் பொறியாளர் ஒருவர் வேலையில் இருந்தால், சரி, பிள்ளைகளை அவரிடமே விட்டுவிடுங்கள். கேள்விகளை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

– ஒரு வாசகி