கடைசிப் பிரதியும் போய்விட்டது: பாரதி சாலைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிறுதோறும் என்னைச் சகித்துக்கொண்டவர்களுக்கு,

போன வாரம் மாலை ஐந்தரை மணிக்கு என் சிறுகதைத் தொகுப்பின் கடைசிப் பிரதி போனது. மேன்ஷனில் தங்கி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி வாங்கினார். விலை 150 ரூபாய், 120-க்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். 500 பிரதி விற்க மூன்று வருடம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு விநியோகஸ்தரிடம் கொடுத்த கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் கிடந்ததுதான் அதற்கு முந்தைய கதை. "இப்படியே கிடந்தா கரையான்தான் படிக்கும்" என்று வீட்டில் சொன்ன பிறகுதான் தெருவுக்கு வந்தேன்.

பழைய புத்தகக் கடை பாய், முதல் நன்றி உங்களுக்கு. சின்ன வயதில் மூர் மார்க்கெட்டில் எடுபிடியாக இருந்து, 1985-இல் அது எரிந்த பிறகு இந்தப் பக்கம் வந்தவர் நீங்கள். பூட்டிய கடை வாசலில் உங்கள் தார்ப்பாயிலேயே நாலடி ஒதுக்கிக் கொடுத்தீர்கள். வெயிலில் வைத்தால் அட்டை சுருண்டுகொள்ளும், முதுகுப் பசை விட்டுவிடும் என்று நிழல் நகர நகரப் புத்தகத்தையும் நகர்த்தக் கற்றுக்கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு: "எழுதினது நீங்கதான்னு முதல்லயே சொல்லாதீங்க. சொன்னா கிராக்கி புத்தகத்தைக் கீழ வைக்கக் கூச்சப்படுவான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான்." எந்த இலக்கியக் கூட்டத்திலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

போணியே ஆகாத மதியங்களில் பாரதியாரை நினைத்துக்கொள்வேன். 1920-இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி பரவலாக விற்கத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார் மனிதர். திட்டம் நடக்கவில்லை. மறு வருடம் இதே திருவல்லிக்கேணியில் காலமானார். அவர் பெயர் வைத்த சாலையில், தீப்பெட்டி விற்கும் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் புலம்பினால் நன்றாகவா இருக்கும்?

அப்புறம், அந்த ஐப்பசி மழை. மூன்று மணிக்கு வெயில், மூன்றே காலுக்குக் கொட்டித் தீர்த்தது. பூக்கார அக்கா, உங்கள் கூடையை மூடியிருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டை உருவி என் புத்தகத்தின் மேல் போட்டீர்கள். "பூ நனைஞ்சா என்ன, தண்ணி தெளிச்சுத்தானே விக்கிறேன்" என்றீர்கள். ஆட்டோ அண்ணன் பின் சீட்டில் இரண்டு கட்டுகளை ஏற்றிக்கொண்டு, வந்த சவாரியையும் வேண்டாம் என்று அனுப்பினார். அப்படியும் 38 பிரதிகள் நனைந்துவிட்டன. மேன்ஷன் தம்பிகள் அவற்றை அறைக்குத் தூக்கிப் போனார்கள். பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் வீதம் செருகி, ஃபேனுக்குக் கீழே விரித்து, இரவு முழுக்க எழுந்து எழுந்து தாளை மாற்றியிருக்கிறார்கள். மறுநாள் அவர்களுக்கு மாதிரித் தேர்வு வேறு. நல்லவேளை, காசில்லாமல் மேப்லித்தோ என்ற சாதாத் தாளில் அச்சடித்திருந்தேன். பளபளப்பான ஆர்ட் பேப்பராக இருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருக்கும். ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்த அந்தப் பிரதிகளை 'மழைப் பிரதி' என்று சொல்லி 80 ரூபாய்க்கு விற்றேன். முதலில் தீர்ந்தவை அவைதான்.

டீ மாஸ்டர், உங்கள் கணக்கில் இன்னும் 240 ரூபாய் நிற்கிறது. மறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இவர்களில் மேன்ஷன் தம்பிகளைத் தவிர யாரும் என் கதையைப் படித்ததில்லை. பூக்கார அக்காவுக்கு எழுத்துக்கூட்டவும் வராது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் "இன்னிக்கு எத்தினி போச்சு?" என்று கேட்காமல் கூடையைத் தூக்கமாட்டார். புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதும் அவர் ஒருவர்தான்: "அட்டையில இருக்கிற பொம்பள ஏன் தலையில பூ வைக்கல?" என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம் பதிப்பு 300 பிரதி, தை பிறந்ததும் வருகிறது. ஓவியரிடம் பேசிவிட்டேன், ஒரு முழம் மல்லிகை வரைந்து தருகிறார். பாய், அந்த நாலடியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் புதுப் புத்தகக்காரன்