பக்கி வந்தது, பாக்கி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் வாரம் தவறாமல் "கல், மண், புல், லோடு மலிவு விலையில்" என்று வருகிறதே, அதில் இருக்கும் 'லோடு' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, இங்கே யார் வீடுதான் சரிவில் இல்லை! மகள் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் சீர் செய்யலாம் என்று, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் 20 சதுர மீட்டருக்கு ஜல்லி, பின்பக்கம் புல், சரிவின் ஓரத்தில் மூன்று பெரிய பாறை என்று முடிவு செய்தோம். ஃபோனில் விசாரித்தபோது விற்பவர் "ஒரு பக்கி லோடு போதும் அங்கிள், ஒரு கியூப் வரும்" என்றார் (பக்கி என்றால் பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி). 20 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் சரியாக ஒரு கன மீட்டர், அதைத்தான் நாம் கியூப் என்கிறோம். கணக்கு ஒத்துப்போகவே நானும் சரி என்றுவிட்டேன்.

வந்த ஜல்லியைப் பரப்பி முடித்து ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தால் 3 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அடியில் விரித்த கறுப்புத் துணி அங்கங்கே பல்லைக் காட்டுகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடைத்த ஜல்லி ஒரு கியூப் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை இருக்கும், ஒரு டன் பக்கி அதை எப்படிச் சுமக்கும்? மூன்றில் இரண்டு பங்கு ஏற்றினாலே அதற்கு முதுகு வளைந்துவிடும். அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, திரும்ப ஃபோன் செய்தபோது கிடைத்த பதில் "லோடுன்னா லோடுதான் அங்கிள்". குறைந்ததற்கு இன்னொரு நடை, அதற்கு இன்னொரு டெலிவரி கூலி. பக்கி வந்தது, பாக்கி வரவில்லை என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

பாறைக் கதை இதைவிட மோசம். படத்தில் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஆளும் இல்லை, மண்வெட்டியும் இல்லை, அது எவ்வளவு பெரிசு என்று எப்படித் தெரியும்? அரை மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கல் சுமார் 175 கிலோ இருக்கும், இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பி நகர்த்திவிடலாம். ஒரு மீட்டர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், எட்டு மடங்கு, 1,400 கிலோ! எனக்கு வந்ததில் ஒன்று அப்படிப்பட்டது. கேட்டுக்குள் கொண்டுவர முடியாமல் நடைபாதையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், கிரேன் வைத்த லாரி கிடைக்கும்வரை 11 நாள் அது அங்கேயே பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது, போகிறவர் வருகிறவர் எல்லாம் விலை விசாரித்தார்கள்.

சரிவின் ஓரத்தில் பாறை வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அழகுக்கு வைக்கும் பாறை வேறு, மண் தாங்கும் சுவர் வேறு. பாறையை மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைக்க வேண்டும். சுவர் என்றால் அதற்குப் பின்னால் ஜல்லி போட்டுத் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும், ஏனென்றால் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். 2022 ஏப்ரலில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்தார்களே, அந்த மழையில் எத்தனை சரிவுகள் வீட்டோடு சேர்ந்து இறங்கின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உயரமான சரிவு என்றால் கல் வியாபாரியைக் கேட்காதீர்கள், இன்ஜினியரைக் கேளுங்கள்.

அப்புறம், ஆற்றுக் கல் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்கள். 1998-ஆம் வருடத் தேசியத் தண்ணீர்ச் சட்டப்படி ஆற்றுப் படுகையையோ கரையையோ மாற்றுவதற்கே அனுமதி வேண்டும். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் சொல்லும் முகத்திலேயே தெரிந்துவிடும்.

புல்லில் தப்பு என்னுடையதும்தான். வெள்ளிக்கிழமை மதியம் சுருள் சுருளாக வந்து இறங்கியது, ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்ததும் பதிக்கலாம் என்று அடுக்கியபடியே விட்டுவிட்டோம். ஞாயிறு காலை ஒரு சுருளைப் பிரித்தால் உள்ளே வெந்நீர்ப் பானைக்குள் கை விட்ட மாதிரிச் சூடு, புல் மஞ்சளாகி ஒரு புளித்த வாடை. வெட்டி எடுத்த புல்லும் மூச்சு விடும், அடுக்கி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துபோகும், கோடையில் ஒரே நாளுக்குள் பதித்துவிட வேண்டும். தப்பித்த சுருள்களை மாமரத்தடியில் பதித்தோம், மூன்று மாதத்தில் அதுவும் போயிற்று. வந்தது கிக்குயூ என்ற வகைப் புல், அதற்கு வெயில் வேண்டும். டர்பன் கடலோர நிழலுக்கு எல்.எம். புல்தான் தாங்கும் (எல்.எம். என்றால் லொரென்சோ மார்க்கெஸ், இன்றைய மபூட்டோ, ஊர்ப் பெயர் மாறியும் புல்லுக்கு மாறவில்லை). ஃபோனில் "லான் வேணுமா" என்றுதான் கேட்டார்களே தவிர, நிழலா வெயிலா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் தாத்தா கிளேர்வுட் பக்கம் காய்கறி போட்டுப் பிழைத்தவர், எருவைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார். அவருடைய பேரன் நான் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறேன்.

2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பவர் ரசீது தர வேண்டும் என்கிறது, அதில் பொருள் என்ன, அளவு எவ்வளவு, ஓர் அலகுக்கு என்ன விலை என்று இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ரசீதில் "1 லோடு" என்று மட்டும் இருந்தது, அதையும் நான் கேட்டு வாங்கினேன். ஜல்லிக்கும் மண்ணுக்கும் கியூப், பாறைக்கு எடைமேடைச் சீட்டோடு கிலோ, புல்லுக்குச் சதுர மீட்டரும் புல்லின் பெயரும், வெட்டிய நாளும். இதை எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மணலை மட்டும் எடை போட்டு வாங்காதீர்கள், ஈர மணலில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். கியூப்பில் வாங்கினாலும் ஈரம் பட்ட மணல் உப்பிக்கொண்டு அதிகம் போலக் காட்டும் என்பது வேறு விஷயம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்படி விளம்பரம் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு லோடு என்றால் எத்தனை கியூப் என்று கேட்டு, அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி கூடினால் விளம்பரக் கட்டணமும் உங்களுக்குத்தானே வரும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்