சதய விழாக் குழுத் தம்பிகளுக்கு, வசூலுக்கு வந்த மறுநாள் எழுதியது

எங்கள் ஊர்ச் சதய விழாக் குழுத் தம்பிகளுக்கு,

நேற்று சாயங்காலம் ராஜராஜன் பிறந்த நட்சத்திரமான சதய விழாவுக்கு வசூல் நோட்டோடு வந்தீர்கள். ஐநூறு போட்டுக்கொள்ளச் சொன்னேன். பேனர் மாதிரியைப் போனில் காட்டினீர்கள். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். வந்தவர்களில் இரண்டு பேர் என் அக்கா பேரன்கள். "தாத்தா ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். அதனால்தான் மடல். மேலத்தெருக் குழுவுக்கும் இதையேதான் கொடுக்கப் போகிறேன். அவர்கள் பேனரிலும் அதே ராஜராஜன்தான், சாதி மட்டும் வேறு.

போன ஐப்பசியில் நடந்தது மறந்திருக்காது. பஸ் ஸ்டாப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பேனர், இரண்டிலும் "எங்கள் குலத் தோன்றல்". ராத்திரி மழைக்கு ஒன்று சாய்ந்தது. காற்று சாய்த்ததா, ஆள் சாய்த்தானா என்று விடிவதற்குள் கைகலப்பு. மூன்று நாள் போலீஸ் வேன் குளத்தங்கரையில் நின்றது. அறுத்த குறுவை நெல் களத்தில் நனைந்துகொண்டு கிடந்தது. அதை மூடத் தார்ப்பாய் பிடிக்க ஒரு பையன் இல்லை, எல்லாரும் ஸ்டேஷனில்.

முதலில் அந்த முகம். பேனரில் இருப்பது சினிமா நடிகர் முகம், அது உங்களுக்கே தெரியும். சாதிக்கு வருகிறேன். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கி, காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி என்று பிடித்த நாடுகளை அடுக்கிக்கொண்டே போகும். குலம் பற்றிச் செப்பேடுகளில் தேடினால் சூரிய குலம் என்று இருக்கிறது. சூரியன் எந்தத் தெரு?

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சிட்டா, அடங்கல், புலப்படம், இதுதான் என் உலகம். எனக்கு ராஜராஜனைப் பிடித்ததும் வாளுக்காக இல்லை, கணக்குக்காக. 985-ல் பட்டத்துக்கு வந்து 1014 வரை ஆண்டவர், நாட்டையே அளக்க வைத்தார். தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலத்தைச் சொல்லும் இடங்களைப் பாருங்கள். வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்குக் கீழே கீழ்முந்திரிகை என்று இறங்கி, உள்ளங்கை அகலம்கூடத் தேறாத துண்டு வரை எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இன்றைக்கும் மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்றுதானே பேசுகிறோம்?

ஆனைமங்கலச் செப்பேடு என்று ஒன்று உண்டு. ஹாலந்துக்குப் போய் லெய்டனில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, சிவபாதசேகரன் என்று பேர் வைத்துக்கொண்ட இந்தச் சைவ ராஜா தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தார். 8943 கலம் நெல்லும் சில்லறையும். கொடை பெரிசுதான். எனக்கு அதைவிட ருசியானது அந்த ஃபைல் போன வழி. ராஜா வாயால் சொன்னது திருவாய்க்கேழ்வி. அதை ஓலையில் எழுதியவன் திருமந்திர ஓலை. சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவர் ஓலை நாயகம். பிறகு அது புரவுவரிக்காரர்கள் என்ற வரி அதிகாரிகளிடம் போய், வரிப்பொத்தகத்தில் ஏறி, நாட்டாருக்குத் திருமுகமாக, அதாவது ராஜாவின் கடுதாசியாக இறங்கி, ஊரார் கூடி எல்லை நடந்தார்கள். நம்ம தாலுகா ஆபீஸில் ஒரு பட்டா மாறுதல் படும் பாட்டைவிட ஒரு மேசை கூடுதல். எல்லை நடந்ததற்குச் செப்பேடுகளில் ஒரு வாசகம் வரும்: பெண் யானையை நடத்தி, பிடாகை (ஊரின் உட்கிடை) நடந்து, "கல்லும் கள்ளியும் நாட்டி". எல்லைக் கல், அதன் பக்கத்தில் கள்ளிச் செடி. என் சர்வீஸில் பாதித் தகராறு அந்தக் கல்லும் கள்ளியும்தான்.

பேரரசன் என்றால் நினைத்ததைச் சட்டமாக்குகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்லைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அன்றாட வழக்கு, வரி, வாய்க்கால் எல்லாம் ஊர், சபை, நாடு என்ற மூன்று கூட்டங்களின் கையில் இருந்தன. ராஜா ஆணையும் அவர்களுக்குக் கடுதாசியாகத்தான் வந்தது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு அப்படி ஒன்று. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பேர் சொல்லி, அவர்கள் சொத்தைக் கைப்பற்றச் சொல்லும் ஸ்ரீமுகம், அதாவது ராஜாவின் கடிதம், அதில் இருக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு எழுதியது. கொன்றவர்கள் ஏனோதானோ ஆட்கள் இல்லை, பிரமாதிராஜன் என்று பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்கள் தம்பி, மகன், பெண் கொடுத்த மாமன் வரைக்கும் நிலம் போனது. யார் தலையும் உருண்டதாக அந்தக் கல்லில் இல்லை, நிலக்கணக்குதான் இருக்கிறது. மாமனார் என்ன பாவம் செய்தார் என்று கேட்டால் அதற்கும் கல்லில் பதில் இல்லை. அது அந்தக் காலத்து நீதி. நாம் கொண்டாடும் ராஜா அதையும் செய்தவர்தான்.

பெரிய கோயிலுக்கு நூறு தடவை போயிருப்பீர்கள், நந்தி பக்கத்தில் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். விமானத்தின் அடியில், உங்கள் இடுப்பு உயரத்தில் ஓடும் எழுத்தை ஒருத்தராவது நின்று பார்த்திருக்கிறீர்களா? மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, முதலில் குழப்பும். பத்து நிமிஷம் நின்றால் கண் பழகும். "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்லுகிறார் ராஜா. அந்த "மற்றும் குடுத்தார்" என்ற இரண்டு சொல்லுக்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும்.

அந்தக் கல்வெட்டுகளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? கோயில் ஆடல் பெண்களான நானூறு தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருத்திக்கும் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்கு எத்தனை. ஒரு பங்கு என்றால் நூறு கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. முதல் வீட்டுக்காரி திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. நாவிதருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று ராஜா தன் பேரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார். தையற்காரர் ராஜராஜப் பெருந்தையான், தச்சர் ராஜராஜப் பெருந்தச்சன். விளக்கெரிக்க ஆடு பெற்ற இடையர்கள் பேர் பேராக இருக்கிறார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளைக்கு ஓர் உழக்கு நெய். அதற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பேர். ஆடு செத்தாலும் கணக்கில் சாகாது! மறுபக்கம், அந்தப் பெண்கள் தங்கள் ஊரையும் கோயிலையும் விட்டுத் தஞ்சாவூருக்கு வந்தார்களே, அவர்களை யாராவது கேட்டார்களா? கேட்டதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை.

உங்கள் பேனரில் இவர்களில் ஒருத்தர் பேர் வருமா? இவர்கள் எல்லாரும் எந்தத் தெரு?

பெருமையை மட்டும் படித்தால் பாதிப் படிப்புதான். திருப்பாம்புரத்தில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். ராஜராஜன் காலத்துக் கோயில் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் காசு கொடுத்தது, காசுக்கு அரைக்கால் காசு பலிசை. அந்தக் கணக்கில் ஏறாதது எது, ஏறியவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என் கையெழுத்து ஞாபகம் வரும். நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். சர்வே சமயம் நான் புதுசு. ஒரு கைம்பெண்ணின் மூன்று மா நிலத்தைக் கொழுந்தன் பேரில் எழுதிவிட்டேன். கவனப் பிசகு, லஞ்சம் இல்லை. அதைத் திருத்த அந்த அம்மாள் பதினோரு வருஷம் அலைந்தார். வாளால் வெட்டியிருந்தால்கூட அத்தனை நாள் வலித்திருக்காது.

ராஜாக்கள் போய்விட்டாலும் நாடு அவர்களை விடவில்லை. பெரிய கோயில் 1954-ல் ஆயிரம் ரூபாய் நோட்டில் வந்தது. 1947-ல் திருவாவடுதுறை ஆதீனம் நேரு கையில் கொடுத்த செங்கோல் 2023-ல் புது நாடாளுமன்றத்தில் ஏறியது. உத்திரமேரூர்க் குடவோலையை மேடைக்கு மேடை எடுத்துக்காட்டுகிறார்கள். 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் அவை, பராந்தகன் காலம். சந்தோஷம். ஆனால் அதே கல்லில் யார் நிற்கலாம் என்றும் இருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயசு, வேத ஞானம். நம் ஊரில் அந்த விதிப்படி ஓலை போட்டால் குடத்தைக் குலுக்க வேண்டிய வேலையே இருக்காது. இன்னொரு விதியும் அங்கே உண்டு. வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது, அவன் உறவுக்காரன் பேரையும் போடக்கூடாது. அதை ஏன் சொல்கிறேன் என்று பொருளாளர் தம்பிக்குப் புரியும்.

கேட்பது இவ்வளவுதான். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே மேடை போடுங்கள். ஃபிளெக்ஸ் காசில் மைக் செட்டும் சாப்பாடும் ஆகும். தளிச்சேரிப் பெண்டுகள் பட்டியலிலிருந்து ஒரு சிறகு, பெருநாவிசன், பெருந்தச்சன், நாலு இடையர், பிறகு திருப்பாம்புரத்துத் தகப்பனும் மகள்களும், இவ்வளவையும் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மைக்கில் வாசிக்கட்டும். அரை மணி ஆகும். அதற்குப் பிறகு தப்பாட்டமோ ஆர்க்கெஸ்ட்ராவோ, உங்கள் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் தஞ்சாவூர் போகிறேன். பெரிய கோயிலின் கேரளாந்தகன் திருவாயிலுக்கு முன்னால் நிற்பேன். மேலத்தெருக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறினால் எழுத்து தெரியாது, அதனால் நேரத்தோடு வாருங்கள். போன வருஷ வசூல் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெரு பழைய வி.ஏ.ஓ. தாத்தா