பலி, ஈடு, மீட்பு: ஆறு வார வேதபாடத்துக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

பலி, மீட்பு என்ற இரண்டே சொற்களை எடுத்துக்கொண்டு தவக்காலத்தின் ஆறு வாரமும் நடந்த வேதபாடம் நிறைவடைந்தது. குறிப்புகளைத் திருத்தியவர்கள், மாதிரிகள் செய்து கொடுத்தவர்கள், கேள்வி கேட்டுத் திணறவைத்தவர்கள் எல்லாருக்கும் பாடக்குழுவின் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் போடவில்லை. ஆனால் எந்தத் தவறு எங்கே திருந்தியது என்பதையாவது எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து இந்தப் பாடத்தை எடுப்பவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

முதல் நன்றி எபிரெயம் தெரிந்த ஐயாவுக்கு. ‘விபத்தில் ஐந்து பேர் பலி’ என்று தினமும் செய்தியில் படிக்கிற நமக்குப் பலி என்றாலே சாவுதான். தியாகம் என்றாலோ இழப்பு. வேதத்தில் காணிக்கைக்குரிய பொதுச் சொல் கொர்பான். மாற்கு 7:11-ல் தமிழிலும் அது அப்படியே நிற்கிறது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கிட்ட வருதல் என்று பொருள். செத்தது என்ன என்று கேட்பதற்கு முன்னால், யார் யாரை நெருங்குகிறார்கள் என்று கேளுங்கள் என்றார் ஐயா. அந்த ஒரு வரிக்காக முதல் வாரக் குறிப்பு முழுவதையும் மாற்றினோம்.

மாற்ற வேண்டித்தான் இருந்தது. பலி முறைகளைச் சொல்லும் லேவியராகமம் 1 முதல் 7 வரை வரும் ஐந்து பலிகளையும் ‘பாவத்துக்காகச் செத்த மிருகம்’ என்று ஒரே கூடையில் போட்டிருந்தோம். போஜனபலியில் மிருகமே கிடையாது. மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம், உப்பு, அவ்வளவுதான். புளித்த மாவும் தேனும் தகனிக்கக் கூடாது. சமாதான பலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப்பகுதி) வலது தொடையும் ஆசாரியருக்கு (குருவுக்கு), மீதி கொண்டுவந்தவரின் வீட்டுப் பந்திக்கு. குற்றநிவாரண பலியில் ஆட்டுக்கடாவோடு கணக்கும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம். சர்வாங்க தகனபலி ஒன்றுதான் முழுக்க எரிவது, அதிலும் தோல் ஆசாரியருக்குப் போய்விடும்.

யார் என்ன செய்கிறார் என்பதையும் நாங்கள் தப்பாகவே எழுதியிருந்தோம். கொண்டுவந்தவரே மிருகத்தின் தலைமேல் கை வைக்கிறார், அவரே அறுக்கிறார், தோலுரிக்கிறார், சந்துசந்தாகத் துண்டிக்கிறார். ஆசாரியரின் வேலை இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றிலும் தெளிப்பதிலும் நெருப்பு மூட்டுவதிலும் தொடங்குகிறது. ‘ஆசாரியர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கி நிற்க அங்கே இடமில்லை. இதை முழங்கை வரை நனையும் வேலை என்று புரியவைத்த கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு நன்றி.

மாவு அளக்க மரப்படி கொண்டுவந்த அக்காவை மறக்க முடியாது. லேவியராகமம் 5:11-ன்படி, இரண்டு புறாக்குஞ்சுக்கும் வழியில்லாத ஏழை ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம். எண்ணெயும் வேண்டாம், தூபவர்க்கமும் வேண்டாம். ஏறக்குறைய இரண்டு லிட்டர் மாவு! அதை மேசைமேல் கொட்டிவிட்டு அக்கா கேட்டார்: “இதில் இரத்தம் எங்கே?” எபிரெயர் 9:22-ஐ ஒப்பிக்கிறவர்கள் ‘இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது’ என்ற பாதியைத்தான் ஒப்பிக்கிறார்கள். அதே வசனத்தின் முன்பாதியில் ‘கொஞ்சங்குறைய எல்லாம்’ என்று இருக்கிறது. அந்தக் ‘கொஞ்சங்குறைய’ என்பதற்குள் ஏழையின் இந்த மாவும் அடங்கும். ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் பிரசங்கம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

மரவேலை செய்து கொடுத்த அண்ணனுக்குப் பெரிய நன்றி. பலிபீடத்தின் மரச் சட்டகம் ஐந்து முழ நீளம், ஐந்து முழ அகலம், மூன்று முழ உயரம்: முழத்துக்கு 45 செ.மீ. வைத்தால் 2.25 மீட்டர் சதுரம், 1.35 மீட்டர் உயரம். கிருபாசனம் இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். படத்தில் பார்த்தவர்களுக்கு அது சிம்மாசனம். அண்ணன் செய்துகொடுத்த பிறகுதான் அது பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடி என்று விளங்கியது.

அந்த மூடியை நடுவில் வைத்துத்தான் மூன்றாம் வாரம் ஓடியது. கிரேக்கம் படித்த போதகர் அம்மா இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். எபிரெயர் 9:5-ல் கிருபாசனம். ரோமர் 3:25-ல் கிருபாதார பலி. தமிழில் இரண்டு சொல், கிரேக்கத்தில் ஒரே சொல்: ஹிலாஸ்டேரியோன். ஆகவே சிலுவையைப் பற்றி, ரோமர் நிருபத்தை எழுதிய பவுல் சொல்லும்போது, ஆண்டுக்கு ஒருநாள் இரத்தம் தெளிக்கப்பட்ட அந்த மூடியையும் சேர்த்து நினைக்க இடமிருக்கிறது. அந்தச் சொல் கோபம் தணிப்பதைக் குறிக்கிறதா, பாவத்தைத் துடைப்பதைக் குறிக்கிறதா என்ற வாதம் அறிஞர்களிடையே ஓயவில்லை. ஆனால் வாக்கியத்தின் எழுவாயை யாரும் மறுக்க முடியாது: ‘ஏற்படுத்தினவர்’ தேவன். கோபக்காரத் தகப்பனை மகன் சமாதானப்படுத்தினார் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் படம் இந்த வசனத்தில் இல்லை.

ஏழாம் மாதம் பத்தாம் தேதிச் சடங்கை வரைந்த தம்பிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். முதல் படத்தில் பாவம் சுமந்த ஆட்டை அறுக்கச் சொன்னது நாங்கள்தான். லேவியராகமம் 16-ல் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று கொல்லப்பட்டு அதன் இரத்தம் உள்ளே போகிறது. ஜனங்களின் அக்கிரமங்கள் அறிக்கையிடப்பட்டு இரண்டு கையும் வைக்கப்படுவது உயிருள்ள மற்ற ஆட்டின்மேல். அந்தப் போக்காடு அறுக்கப்படுவதில்லை, வனாந்தரத்துக்கு விரட்டப்படுகிறது. ஒன்று சுத்திகரிக்கிறது, மற்றது சுமந்துபோகிறது.

மீட்பு என்ற சொல்லில் வந்த குழப்பத்தைத் தீர்த்தது அருட்தந்தை. சீர்திருத்த சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இரட்சிப்பு வேறு, மீட்பு வேறு. கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பில் இரட்சகரே மீட்பர். இரு சபையாரும் ஒரே சொல்லை வெவ்வேறு அளவில் பேசிக்கொண்டிருந்தோம். அடகு வைத்ததை மீட்பது என்று நாம் வீட்டில் சொல்கிற பொருளுக்கு மிக அருகில் இருப்பது லேவியராகமம் 25: விற்றுப்போன நிலத்தை நெருங்கிய உறவினர் பணம் கட்டி மீட்கிறார். ரூத் 4-ல் முதல் உரிமைக்காரர் நழுவிக்கொண்டதும் போவாஸ் செய்தது அதைத்தான்.

எண்ணாகமம் 3-ஐக் கூட்டிப் பார்த்த கல்லூரித் தம்பிக்கும் நன்றி. முதலில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு (முதற்பேறுகளுக்கு) ஈடாக லேவி கோத்திரத்தார் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். முதற்பேறுகள் 22,273, லேவியர் 22,000. மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு ஐந்து சேக்கல் (வெள்ளி நிறை) வீதம் 1,365 சேக்கல் மீட்புப்பணம். ஆனால் தம்பி லேவியரின் மூன்று வம்சத்தையும் கூட்டினால் 7,500, 8,600, 6,200 சேர்ந்து 22,300 வருகிறது! கோகாத் வம்சத்தார் 8,300 பேராக இருந்து, எபிரெயத்தில் ஓர் எழுத்து விடுபட்டு மூன்று ஆறாகிவிட்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

‘அநேகரை மீட்கும்பொருளாக’ என்று மாற்கு 10:45 சொல்கிறதே, அந்த ஈடு யார் கையில் போனது என்று கேட்ட பாட்டியம்மாவுக்கு வேதம் நேராகப் பதில் சொல்வதில்லை. சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டது என்றார்கள் ஆதிச்சபையில் சிலர். நான்காம் நூற்றாண்டில் நசியான்சின் கிரகோரியார் அதை வெட்கக்கேடு என்று தள்ளினார். பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம், தேவனுக்குரிய கனத்தை மனிதன் செலுத்தாமல் விட்ட கடன் என்றார். உவமையை எல்லைக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

கணக்கர் ஐயா பிடித்த குறை இன்னும் வலிக்கிறது. குற்றநிவாரண பலியில் அபகரித்ததை முழுவதும் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவரிடம் கொடுக்க வேண்டும்: 100 எடுத்தவர் 120. அதைக் குறிப்பில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தோம். ‘இயேசு செலுத்திவிட்டார்’ என்று சொல்லி வாங்கிய கடனை மறப்பவர்களுக்கு வசதியான அடிக்குறிப்பு! இப்போது அது முதல் பத்தியில் இருக்கிறது.

ஆலோசகர் சகோதரி கடைசி வாரத்தில் ஒரு பக்கத்தையே கிழிக்கச் சொன்னார். வீட்டில் அடிவாங்குகிறவளிடம் ‘சிலுவையைச் சுமந்துகொள்’ என்று சொல்வது பலி அல்ல என்றார். யோவான் 10:18-ல் இயேசு, ‘நானே அதைக் கொடுக்கிறேன்’ என்கிறார். பிறர் பிடுங்குவதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கக் கூடாது. கிழித்துவிட்டோம்.

ஸ்தோத்திரத்துக்கான சமாதான பலியின் இறைச்சியை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், விடியுமட்டும் வைக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 7:15. ஒரு முழு ஆட்டை ஒரு வீடு ஒரே நாளில் தின்று தீர்க்காது. பத்துப் பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆகவே அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் பந்தி உண்டு. படியும் மூடியும் அன்றே உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும். பலிபீடத்தின் மரச் சட்டகம் இரவல் கிடைக்கும். தூக்க நான்கு பேரோடு வரவும்.

அன்புடன்,
பாடக்குழுவினர்