புகைப்பட ஆர்வலர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜனவரி மழைக்கு நடுவே சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள ஃபிளவர் டோமுக்குப் போய்வந்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2012இல் திறந்த அந்தக் கண்ணாடிக்கூடம் 1.2 ஹெக்டர் பரப்பு. உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். சீனப் புத்தாண்டை ஒட்டி டேலியாக்கள் பூத்துக் குலுங்கின. வானம் இருட்டிக்கொண்டு வருகிறதே என்று சிலர் தயங்கினார்கள். ஆனால் அந்த மேகமூட்டம்தான் கை கொடுத்தது. வெயில் அடித்தால் கூரைச் சட்டங்களின் நிழல் பூமேல் கோடு கோடாக விழும். அன்று அந்தத் தொல்லையே இல்லை.

சிவப்பு டேலியா ஒன்றை எல்லோருமே எடுத்தோம். முதல் படங்களில் இதழ்கள் ஒரே சிவப்புக் குழம்பாகிவிட்டன. மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் அளவு மீறிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்ததும் இதழின் நரம்பு, உள்பக்கம் சுருண்ட விளிம்பு எல்லாம் தெரிந்தன. கேமரா திரையில் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள்.

வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படர்ந்துவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். தயவுசெய்து சட்டை நுனியால் துடைக்காதீர்கள். சற்றுப் பொறுத்தால் தானாகக் காய்ந்துவிடும்.

மகளைப் பார்க்க லண்டன் போன நம் அக்கா ஒருவருக்கு இதுவே தலைகீழாக நடந்தது. பிப்ரவரிக் குளிரிலிருந்து கியூ தோட்டத்தின் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கண்ணாடிக்கூடத்துக்குள், வெப்பமண்டலப் பகுதியில், நுழைந்த உடனே லென்ஸ் மங்கிவிட்டதாம். அப்புறம் இன்னொரு நாள் கேமராவை ஜிப் பையில் மூடி எடுத்துப்போய், அரை மணி கழித்தே திறந்திருக்கிறார். அவர் காட்டிய படத்தில் இருந்தது நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், பார்க்கிற வாண்டா ஆர்க்கிட்தான். ஆனால் அந்த ஊதாப் பூவுக்குப் பின்னே, கண்ணாடிக்கு அப்பால், ஓர் இலைகூட இல்லாத மரம் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அந்தப் படத்தை விட்டு எங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த ஆண்டு நம் குழு பார்த்ததில் மிகச் சிறந்த படம் அதுதான் என்பேன்.

அடுத்து, பூமலையில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்தின் குளிர்கூடத்துக்குப் போகலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கூட்டம் குறைவான வாரநாள் காலையாகப் பார்ப்போம். வர விரும்புவோர் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

நன்றி.
செயலாளர்