டெமோவை நம்பித் தானியக்கத் தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் அலுவலக வேலைகளைத் தானாக நடக்கும்படி அமைத்துக்கொள்ளலாம் என்று கூறும் லோ-கோட் தளங்களைப் பற்றி இப்போது வணிகப் பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை, எந்தத் தளத்தோடு எத்தனை மென்பொருள்களை இணைக்கலாம், மாதச் சந்தா எவ்வளவு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. நிறுவனங்களுக்கு இவ்வகைப் பணியோட்டங்களை அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இந்தத் தளங்களுக்குள் பெரிய வேறுபாடு எதுவும் தெரியாது. ஒரு வேலை பாதியில் தடைபடும்போது தளம் என்ன செய்கிறது, யாரிடம் தெரிவிக்கிறது என்ற இடத்தில்தான் அவை பிரிகின்றன. வாங்குவோர் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

மிகச் சாதாரணமான ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சரக்கு அனுப்பியவரின் பில் மின்னஞ்சலில் வருகிறது. தளம் அதைக் கணக்கு மென்பொருளில் பதிந்து, மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பி, ஒப்புதல் கிடைத்ததும் பணம் செலுத்த வேண்டியவர்களின் பட்டியலில் சேர்க்கிறது. டெமோவில் இது ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே மேலாளர் உடனுக்குடன் பொத்தானை அழுத்துகிறார். நடைமுறையில் அவர் நீண்ட விடுப்பில் இருப்பார், அல்லது பில்லில் ஏதோ ஐயம் எழுந்து அதைக் கிடப்பில் போட்டிருப்பார். மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் என்ற தானியக்கத் தளத்தில் ஓர் ஓட்டம் (அதாவது, ஒரு பில்லுக்காகப் பணியோட்டம் ஒருமுறை இயங்குவது) தொடங்கினால் அது அதிகபட்சம் 30 நாள்கள் மட்டுமே நீடிக்கும். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு மேலாளர் ஒப்புதல் அளித்தாலும், அதைப் பெற்று அடுத்த வேலையைச் செய்ய அந்த ஓட்டம் இருக்காது. இந்த வரம்பை அந்நிறுவனம் மறைக்கவில்லை, ஆவணங்களில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதை முன்பே படித்தவர்கள் நினைவூட்டலையும் மாற்று ஒப்புதலாளரையும் சேர்த்து அமைத்துவிடுகிறார்கள். படிக்காதவர்களுக்கோ, சரக்கு அனுப்பியவர் தொலைபேசியில் பணம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவருகிறது.

இதைவிட ஆபத்தானது, ஒரே வேலை இரண்டு முறை நடந்துவிடுவது. ஒரு மென்பொருள் இன்னொன்றுக்கு வெப்ஹூக் (ஏதாவது நிகழ்ந்ததும் தானாகச் செய்தி அனுப்பும் இணைப்பு) வழியாகத் தகவல் அனுப்பி, உரிய நேரத்தில் பதில் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் அதே தகவலை மீண்டும் அனுப்பும். முதல் தகவலும் உண்மையில் வந்து சேர்ந்திருந்தால், ஒரே பில் இருமுறை பதிவாகிவிடும். ஆகவே சோதனைக் காலத்தில் விற்பனைப் பிரதிநிதி தரும் மாதிரிக் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, தங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே தகராறு செய்த பழைய பில்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒரே பில்லை இருமுறை அனுப்பிப் பார்க்கலாம்; ஓட்டத்தின் நடுவில் கணக்கு மென்பொருளின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, தளம் தடைபட்ட படியிலிருந்தே தொடர்கிறதா, அல்லது மீண்டும் முதலிலிருந்து தொடங்கி ஏற்கெனவே பதிந்ததையும் இன்னொரு முறை பதிகிறதா என்று கவனிக்கலாம். என் கருத்தில், அந்த அரை நாள் சோதனை, எத்தனை பக்க ஒப்பீட்டு அட்டவணையையும்விடக் கூடுதலாகச் சொல்லும்.

செலவையும் இதே கண்ணோட்டத்தில் கணக்கிட வேண்டும். ஸேப்பியர் என்ற தானியக்கத் தளத்தில் வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு செயலும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. அதே வகையைச் சேர்ந்த என்8என் தளத்தின் கிளவுட் சேவையில் (அந்நிறுவனமே தன் பொறுப்பில் இயக்கித் தருவது), எத்தனை படிகள் இருந்தாலும் ஒரு முழு ஓட்டம் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. நாளொன்றுக்கு 200 பில்கள், ஒவ்வொன்றுக்கும் 6 செயல்கள், மாதத்தில் 25 வேலை நாள்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் 30,000 என்றும் இரண்டாவது முறையில் 5,000 என்றும் கணக்கு வரும். இதனால் மட்டும் ஒன்று மலிவு என்று ஆகிவிடாது, ஆனால் இரண்டின் விலைப்பட்டியலையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. அட்டவணையில் ஒரு வரிசையைத் திருத்தும் பணியோட்டம், அந்தத் திருத்தத்தாலேயே மீண்டும் தூண்டப்பட்டு முடிவில்லாமல் சுழல்வதும் இத்துறையில் வழக்கமாக நேரும் பிழைதான். அப்போது மாத ஒதுக்கீடு முழுவதும் ஓரிரவில் தீர்ந்துவிடலாம் என்பதால், தளம் தானாக நிறுத்திக்கொள்ளுமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பணியோட்டங்களை ஓர் ஊழியரின் சொந்தக் கணக்கில் உருவாக்கும் பழக்கத்தை நிறுவனங்கள் உடனே கைவிட வேண்டும். அவர் வேலையை விட்டுச் சென்று அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் இணைப்புகளும் அறுந்துபோகலாம்.

தரவுப் பாதுகாப்பில், தளம் எந்த நிலையில் நம் கைக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2021-இல், மைக்ரோசாஃப்டின் லோ-கோட் தளமான பவர் ஆப்ஸில் உருவாக்கப்பட்ட இணையதளங்கள் (போர்ட்டல்கள்) வழியாகப் பல நிறுவனங்களின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் எவரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்ததை அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. அட்டவணைகளுக்கான அனுமதிக் கட்டுப்பாடு தொடக்கத்திலேயே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கவில்லை, அமைத்தவர்களும் அதைக் கவனிக்கவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் அந்த முன்னிருப்பு அமைப்பை மாற்றியது. நிரல் அறியாதவர்களுக்கென்றே விற்கப்படும் தளம், நிரல் அறிந்தவருக்கே தோன்றும் எச்சரிக்கையை வாங்குபவரிடம் எதிர்பார்க்கலாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, தளமே மூடப்பட்டால் என்ன செய்வது? கூகுள், அலுவலகச் செயலிகளை உருவாக்கும் தன் லோ-கோட் தளமான ஆப் மேக்கரை நிறுத்தப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, 2021 ஜனவரி 19 அன்று மூடிவிட்டது. கிளவுட் எஸ்கியூஎல் என்ற கூகுளின் தனித் தரவுத்தளச் சேவையில் இருந்த தரவு தப்பியது. ஆனால் செயலிகளை நேரடியாக வேறு தளத்துக்குக் கொண்டுபோக வழியில்லாததால், அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. இத்தனை பெரிய நிறுவனத்தின் தளத்துக்கே இது நேர்ந்தது. என்8என் போன்றவற்றைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் இந்தக் கவலை குறையும் என்பது உண்மை. அங்கேயும் கவனம் தேவை: இணைப்புகளின் பாஸ்வேர்டுகள் ஒரு குறியாக்கச் சாவியால் பூட்டப்பட்டிருக்கும், தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து அந்தச் சாவியைத் தொலைத்துவிட்டால், ஒவ்வோர் இணைப்பையும் புதிதாக ஏற்படுத்த வேண்டியதுதான். இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சிறு நிறுவனம், சந்தா செலுத்திக் கிளவுட் சேவையைப் பெறுவதே மேல்.

எனவே, இத்தகைய தளமொன்றைத் தங்கள் நாளிதழ் அடுத்த முறை அறிமுகப்படுத்தும்போது, விலையோடு சேர்த்து, ஓட்டம் எத்தனை நாள் நீடிக்கும், தடைபட்டால் எந்தப் படியிலிருந்து தொடரும், அமைத்த பணியோட்டத்தை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம் ஆகிய மூன்றையும் அந்நிறுவனத்திடம் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்