பானுமதியின் திமிர்

அன்புள்ள கயல்,

ஆபீஸில் ஒரு கணக்கில் தப்பு இருக்கிறது என்று நீ சொன்னதற்கு உன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னார்கள் என்று போனில் அவ்வளவு வருத்தப்பட்டாய். அந்தப் பட்டத்தை உனக்கு முன்னால் வாங்கியவர்கள் நிறையப் பேர். உன் பாட்டி காலத்தில் அது நடிகை பானுமதிக்குத்தான். பாட்டியே சொல்வாள், "நடிப்பும் ஜாஸ்தி, திமிரும் ஜாஸ்தி" என்று. சொல்லிவிட்டு அவர் படம் வந்தால் முதல் ஆளாகப் போய் உட்காருவாள்.

உனக்கு அவரை 'செம்பருத்தி' படத்துப் பாட்டியாகத்தான் தெரியும். அது 1992. அவர் சினிமாவுக்கு வந்ததோ 1939-ல், ஓங்கோல் பக்கத்துக் கிராமத்துச் சிறுமியாக. அப்பாவிடம் கற்ற சங்கீதம் கையில் இருந்தது. பின்னணிப் பாடகிகள் வந்து, நடிகைகள் வாயசைத்தால் போதும் என்று ஆன பிறகும் பானுமதி தன் பாட்டைத் தானே பாடினார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் 'மாசிலா உண்மைக் காதலே' பாட்டைக் கேட்டுப் பார். ஏ.எம்.ராஜா குழைகிறார். இவரோ காதலிக்கிற பெண்ணாக மட்டும் பாடவில்லை. இவன் சொல்வதை நம்பலாமா என்று எடைபோடுகிற பெண்ணாகவும் பாடுகிறார். முகமும் குரலும் ஒரே ஆளுடையது என்பதால் வருகிற பலம் அது.

1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தும் இருக்கிறார். கணவர் ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து நடத்திய பரணி பிக்சர்ஸ் தயாரிப்பு. சாலிகிராமத்தில் சொந்த ஸ்டுடியோவும் வைத்திருந்தார்கள், மகன் பெயரில். ஸ்டுடியோவே சொந்தமாக இருக்கிறவர் யாருக்குப் பயப்படுவார், சொல்!

ஆனால் அந்தக் குணத்துக்கு விலையும் கொடுத்தார். 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்குப் படத்தில் முதலில் நடித்தது இவர்தான். சில ரீல்கள் எடுத்தும் ஆயிற்று. வரலட்சுமி நோன்பன்று செட்டுக்குத் தாமதமாக வந்தார் என்று தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். வேடம் கைமாறியது. இரண்டாவது வேடத்தில் இருந்த சாவித்திரி கதாநாயகி ஆனார், 1955-ல் வெளிவந்த படம் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. நீ சாவித்திரி கதையைப் பார்த்து அழுதாயே, அதற்குப் பின்னால் ஒரு நோன்பும் ஒரு சண்டையும் இருக்கிறது.

'நாடோடி மன்ன'னிலும் பாதிப் படத்தோடு அவர் பாத்திரம் செத்துப்போகும், அப்புறம் சரோஜாதேவி வருவார். எம்.ஜி.ஆரோடு ஒத்துப்போகாததுதான் காரணம் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில்தான் பானுமதி சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். நடிப்புக்கு இலக்கணம் என்று அண்ணா சொன்னதும், 1966-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண் வந்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். தெலுங்கில் மாமியார் கதைகள் எழுதிப் பேர் வாங்கினார் பார், எனக்கு அதுதான் பிடித்தது. திமிர் பிடித்தவருக்கு அவ்வளவு நகைச்சுவை எங்கிருந்து வந்ததோ!

நீ பார்க்க வேண்டியது 1962-ல் வந்த 'அன்னை'. தங்கை பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறாள் அக்கா. பெற்றவளாக சௌகார் ஜானகி. எங்கே பிள்ளை பறிபோய்விடுமோ என்கிற பயம் பானுமதிக்கு. அந்தப் பயத்தில் அவள் செய்வது நியாயமே இல்லை. இருந்தும் நம்மால் அவளை வெறுக்க முடிவதில்லை. கண்ணீருக்கு இடம் கொடுக்கும் முன்னால் அதட்டுவாள், சந்தேகப்படுவாள், முறைப்பாள். நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று ஒரு இடத்திலும் கெஞ்சாத நடிப்பு. எனக்கு சாவித்திரியையும் பிடிக்கும், ஆனால் இந்த வேடத்தை வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது.

சரி, உன் விஷயம். அந்தக் கணக்கில் தப்பு இருந்தது உண்மையென்றால், சொன்னதைத் திரும்ப வாங்காதே. ஆனால் மேனேஜரிடம் தனியாகச் சொன்னாயா, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னாயா? அதை நீ போனில் சொல்லவே இல்லை. இரண்டாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. உள்ளதை அப்படியே எழுது.

அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஊறுகாய் அடுத்த வாரம் கூரியரில் வரும்.

அம்மா